பிக்அப்பில் பிசிஎம் போய்விட்டதா? மாற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூட்டி நிறுத்திய பிக்அப்பில் உள்விளக்கு தானாக எரிகிறது. வைப்பர் கேட்காமலே ஒரு தடவை வீசிவிட்டு நிற்கிறது. கதவுப் பூட்டு 'டக் டக்' என்று அடித்துக்கொள்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோளாறுகள் இப்படி ஒரே வாரத்தில் வந்தால், பார்க்கிறவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "பிசிஎம் போச்சு" என்பார் ஒருவர். "வண்டியோட மூளையே அதுதான்" என்பார் இன்னொருவர். "உடைத்த வண்டியிலிருந்து ஒன்று வாங்கி மாட்டிவிடு, பல்பு மாற்றுவது மாதிரிதான்" என்பார் மூன்றாமவர்.

இந்தப் பேச்சுகளில் கொஞ்சம் உண்மையும் நிறையத் தவறும் கலந்திருக்கின்றன. நல்ல பிசிஎம்மைக் கழற்றிப் போட்டு, புதியதை மாட்டி, அதே கோளாறோடு வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் பிசிஎம் (BCM) என்ற இந்தப் பெட்டி, அதாவது விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு போன்றவற்றை நடத்தும் சின்னக் கணினி, என்ன செய்கிறது, எப்போது கெடுகிறது, மாற்றுவது என்றால் என்ன என்பதை அடியிலிருந்து சொல்கிறேன். மின்சாரம் பற்றி எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

பழைய வயரிங்: நேரடி வேலை

வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் மின்சாரம் அந்தச் சுவிட்சின் வழியாகவே ஓடி விளக்குக்குப் போகிறது. விளக்கு எரியவில்லை என்றால் பல்பு, சுவிட்ச், இடையில் உள்ள வயர், இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணம்.

பழைய பிக்அப்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. ஹெட்லைட், ஹாரன் போல மின்சாரத்தை நிறைய இழுப்பவற்றுக்கு மட்டும் நடுவில் ஒரு ரிலே இருக்கும். ரிலே என்பது, சின்ன மின்சாரத்தைக் கொடுத்தால் பெரிய மின்சாரத்துக்கு வழி திறந்துவிடும் காந்த சுவிட்ச். போடும்போது 'டிக்' என்று கேட்கும்.

அப்புறம் வசதிகள் கூடின. சாவியை எடுத்ததும் உள்விளக்கு மெல்ல மங்கி அணைய வேண்டும். வண்டி நகர்ந்ததும் கதவுகள் தானாகப் பூட்ட வேண்டும். ஓட்டுநர் கதவிலிருந்தே நான்கு கண்ணாடிகளையும் இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி ரிலே என்று போனால் கதவுக்குள் நுழையும் வயர்க் கட்டே மணிக்கட்டுத் தடிமனுக்கு வந்துவிடும். அதிலும் 'இது நடந்தால் அதைச் செய், ஆனால் அந்த நேரத்தில் வேண்டாம்' என்பது போன்ற நிபந்தனைகளை வெறும் வயரால் சொல்வது பெரும்பாடு.

மேஸ்திரி வந்த கதை

கட்டடம் எழும்பும் இடத்தில் வீட்டுக்காரர் கொத்தனார், தச்சர், பெயின்டர் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்கிறார். மேஸ்திரி நிலைமையைப் பார்க்கிறார். மழை வரும்போல் இருந்தால் வெளிப்பூச்சை நிறுத்துகிறார், உள்வேலையைத் தொடரச் சொல்கிறார். வேலை செய்வது ஆட்கள்தான்; யார் எப்போது எதைச் செய்வது என்று முடிவு செய்வது மேஸ்திரி.

பாடி கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாகப் பிசிஎம், வண்டிக்குள் இருக்கும் அந்த மேஸ்திரி. மாட்யூல் என்றால் ஒரு குறிப்பிட்ட பொறுப்புக்கென்று வைத்த சின்னக் கணினிப் பெட்டி. 'பாடி' என்பது வண்டியின் கூடு. அதாவது விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கண்ணாடி, ரிமோட், திருட்டு எச்சரிக்கை போன்றவை. பிக்அப்பில் இவற்றோடு சரக்குத் தொட்டி விளக்கு, பின்கதவுப் பூட்டு, பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரின் விளக்குகள் ஆகியவையும் பல மாடல்களில் இதன் பொறுப்பில்தான் வரும்.

எஞ்சினைக் கவனிப்பது வேறு மாட்யூல்; அதற்கு இசிஎம் என்று பெயர். பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று இன்னும் பல இருக்கின்றன. ஆகவே 'வண்டியின் மூளை' என்று ஒரே பெட்டியைச் சொல்வது சரியில்லை. எஞ்சின் இழுவை குறைந்தாலோ புகை தள்ளினாலோ பிசிஎம்மைச் சந்தேகிப்பதில் பொருளில்லை.

பெயரும் எல்லா வண்டியிலும் ஒன்று அல்ல. ஃபோர்டின் பழைய பிக்அப்களில் இதே மாதிரி வேலையைச் செய்த பெட்டியை ஜெம் என்பார்கள். ராம் பிக்அப்களில் சில வருட மாடல்களில் ஃபியூஸ் பெட்டியும் கட்டுப்பாடும் ஒன்றாகச் சேர்ந்த டிஐபிஎம் என்ற பெட்டி எஞ்சின் அறையில் இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேலை இதுதான்.

ஒரு இண்டிகேட்டரைப் பின்தொடர்ந்து போவோம்

பிசிஎம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இடது இண்டிகேட்டரே போதும்.

ஸ்டீயரிங் பக்கத்திலிருக்கும் லீவரை அசைக்கிறீர்கள். பிசிஎம்மிலிருந்து லீவருக்கு மெல்லிய வயர் ஒன்று போகிறது. அதில் பிசிஎம் ஒரு சிறிய வோல்டேஜை எப்போதும் நிறுத்தி வைத்திருக்கும். லீவரை அசைத்ததும் அந்த வயர் ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்தோடு சேர்கிறது, வோல்டேஜ் இறங்குகிறது. ரெசிஸ்டர் என்பது மின்சார ஓட்டத்தை அளவாகத் தடுக்கும் சின்ன உறுப்பு. எர்த் என்பது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பிப் போகும் வழி; வண்டியில் பாடி இரும்பே அந்த வழி. இடது, வலது, ஹை பீம் என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவு ரெசிஸ்டர் வைத்தால், எவ்வளவு வோல்டேஜ் இறங்கியது என்பதை வைத்தே எந்தப் பக்கம் அசைத்தார்கள் என்று பிசிஎம் கண்டுபிடித்துவிடும். லீவர் வழியாக விளக்கு மின்சாரம் போவதே இல்லை. அது ஒரு கோரிக்கை மட்டும்தான்.

கோரிக்கை வந்ததும் பிசிஎம் யோசிக்கிறது. இக்னிஷன் ஆனில் இருக்கிறதா? ஹசார்டு விளக்கு ஏற்கெனவே ஓடுகிறதா? டிரெய்லர் மாட்டியிருக்கிறதா? பிறகு உள்ளே இருக்கும் ஒரு டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. டிரான்சிஸ்டர் என்பது அசையும் பாகம் ஏதும் இல்லாத சுவிட்ச். ரிலே செய்வதைச் சத்தமில்லாமல் செய்யும். அதனால்தான் இன்றைய வண்டிகள் பலவற்றில் இண்டிகேட்டர் போடும்போது கேட்கும் 'டிக் டிக்' ரிலேயின் சத்தமே அல்ல. மீட்டர் பெட்டியோ ஸ்பீக்கரோ எழுப்பும் ஒலி.

மின்சாரத்தை அனுப்பிவிட்டு பிசிஎம் சும்மா இருப்பதில்லை, எவ்வளவு போகிறது என்று அளந்து பார்க்கும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்த அளவு இல்லை என்றால் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்று இண்டிகேட்டரை வேகமாக அடிக்கவிடும். எல்இடி பல்பு மாட்டியதும் இண்டிகேட்டர் படபடவென்று அடிப்பதற்குக் காரணம் இதுதான். எல்இடி மிகக் குறைவாக இழுக்கிறது, பல்பே இல்லை என்று பிசிஎம் நினைக்கிறது. அதற்குப் போய் பிசிஎம்மைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அதேபோல் வயர் எங்காவது ஷார்ட் ஆகி அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால், அந்த வழியை உடனே மூடிவிடும். சில பிசிஎம்கள் இப்படி எத்தனை தடவை நடந்தது என்று எண்ணியும் வைத்துக்கொள்ளும். ஒரு அளவைத் தாண்டினால் அந்த வழியைத் திறக்கவே மறுத்துவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு ஜோடி வயரில் ஊர்ப்பட்ட பேச்சு

மேஸ்திரி எல்லோரிடமும் ஓடி ஓடிச் சொல்ல முடியாது. மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேச ஒரு பொதுவழி வேண்டும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983-இல் இதற்கான வேலையைத் தொடங்கி 1986-இல் கேன் என்ற முறையை அறிமுகப்படுத்தியது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள், அவ்வளவுதான். எல்லா மாட்யூல்களும் அதே ஜோடியில் தொங்கும். ஒன்று பேசினால் எல்லாம் கேட்கும், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வண்டி நகர்கிறது என்ற செய்தியைக் கேட்டுத்தான் பிசிஎம் கதவுகளைப் பூட்டுகிறது. அதற்கென்று சக்கரத்திலிருந்து தனி வயர் வருவதில்லை.

கண்ணாடி சுவிட்ச், மழை சென்சார் போன்ற எளிய உறுப்புகளுக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை. அவற்றுக்கு லின் என்ற ஒற்றை வயர் வழி போதும். அங்கே பெரும்பாலும் பிசிஎம்தான் கேள்வி கேட்கும்; மற்றவை கேட்டால் மட்டும் பதில் சொல்லும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சுவிட்ச் கோரிக்கை வைக்கிறது, பிசிஎம் நிலைமை பார்த்து முடிவெடுக்கிறது, டிரான்சிஸ்டர் அல்லது ரிலே வழியாக வேலையைச் செய்விக்கிறது, மற்ற மாட்யூல்களோடு கேன் வழியில் பேசுகிறது. இதற்கெல்லாம் அதற்கு வேண்டியது நல்ல பாசிட்டிவ், நல்ல எர்த், அறுபடாத பேச்சு வழி. இந்த மூன்றில் ஒன்று தடுமாறினாலும் பிசிஎம் பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும். பெட்டிக்குள் எந்தக் குறையும் இல்லாமலே.

'போச்சு' என்று சொல்ல வைப்பவை

நான் முதன்முதலில் கற்றுக்கொண்டது ஒரு நண்பரின் பிக்அப்பில். ஹெட்லைட் போட்டால் வைப்பர் லேசாக அசையும், இண்டிகேட்டர் போட்டால் உள்விளக்கு மின்னும். பிசிஎம் மாற்றியே ஆக வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். கதவோரம் கால் வைக்கும் இடத்தில் படுத்துக்கொண்டு பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். கையை ஊன்றிய கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. முன்கண்ணாடி மூலையிலிருந்து தண்ணீர் வழிந்த கோடு பெயின்ட்டில் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு நேர் கீழே, பாடியில் முடுக்கிய எர்த் போல்ட். அதைச் சுற்றித் துரு. வயர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை பிசிஎம்மின் எர்த் பின்னிலும் வைத்து ஹெட்லைட்டைப் போட்டோம். நல்ல எர்த்தாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். 1.8 காட்டியது. போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து முடுக்கியதும் 0.04. வைப்பர் அசைவது நின்றது. பிறகு கண்ணாடி ஒழுக்கையும் அடைத்தார். பிசிஎம்மைத் தொடவே இல்லை.

திரும்பிப் போகும் வழி அடைபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். இன்னொரு விளக்கின் வழியாக, இன்னொரு மோட்டாரின் வழியாக. ஒன்றைப் போட்டால் இன்னொன்று ஆடுகிறது என்றால் முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பேட்டரியும் இப்படித்தான். வலுவிழந்த பேட்டரியில் ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்டேஜ் வெகுவாக இறங்கும். அந்த நொடியில் மாட்யூல்கள் மயங்கி எழும். எழுந்ததும் வைப்பர் ஒரு தடவை வீசும், பூட்டு அடித்துக்கொள்ளும், ஏழெட்டு எரர் கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடு, பதிவாகும்.

பிக்அப்பில் இன்னும் சில இடங்கள் உண்டு. கேபினின் பின்சுவர் உச்சியில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் ரப்பர் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். டிரெய்லர் வயர் மாட்டும் ஏழு பின் சாக்கெட்டில் சேறும் தண்ணீரும் சேர்ந்து பின்களை அரித்துவிடும். சேஸிஸ் ஓரமாகப் பின்னால் போகும் வயர்க் கட்டு இரும்பில் உரசித் தோல் கிழியும். கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள ரப்பர்க் குழாய்க்குள் வயர்கள் தினமும் மடங்கி மடங்கி அறுந்துபோகும். கூடுதல் விளக்கு, ரிமோட் ஸ்டார்ட் என்று பின்னர் மாட்டியவர்கள் வயரைச் சுரண்டி டேப் சுற்றிய இடங்களும் இந்த வரிசையில்தான். பின்னாளில் சேர்த்தது எதுவாக இருந்தாலும் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

எரர் கோடு சொல்வதும் சொல்லாததும்

டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி சாக்கெட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் இது கட்டாயமானது. இதில் ஸ்கேனரை மாட்டினால் மாட்யூல்கள் பதிவு செய்த கோடுகளைப் படிக்கலாம். ஆனால் மலிவான ஸ்கேனர்கள் பல, எஞ்சின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு ஆங்கில எழுத்தில் தொடங்கும். எஞ்சின் கோடு, பாடி கோடு இரண்டின் முதல் எழுத்தும் தமிழில் எழுதினால் 'பி' தான். ஒன்று பவர்ட்ரெயின் பி (P), எஞ்சினுக்கு, மற்றது பாடி பி (B). பாடி கோடுகளைப் படிக்கும் கருவிதான் இங்கே வேண்டும்.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது யூ0140. இதன் பொருள், பிசிஎம்மோடு தொடர்பு அற்றுப்போனது என்பது. உடனே, 'பார், பிசிஎம் போச்சு என்று கம்ப்யூட்டரே சொல்கிறது' என்பார்கள். போனில் 'நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்' என்று கேட்டால் அவர் இறந்துவிட்டார் என்றா எடுத்துக்கொள்கிறோம்? சார்ஜ் தீர்ந்திருக்கலாம், டவர் இல்லாமல் இருக்கலாம். பிசிஎம்மின் ஃபியூஸ் போயிருந்தாலும் எர்த் விட்டிருந்தாலும் கேன் வயர் அறுந்திருந்தாலும் இதே யூ0140தான் வரும். அந்தக் கோடு மற்ற மாட்யூல்கள் எழுதிய புகார்.

கேன் வழியை ஓரளவு நாமே சோதிக்கலாம். அந்த ஜோடி வயரின் இரு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே அளந்தால் இரண்டும் இணையாகச் சேர்ந்து, தடை பாதியாகி, சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் கேட்வே என்ற வாயிற்காவல் மாட்யூல் வைத்த வண்டிகளில் இந்தச் சோதனை முழு வழியையும் காட்டாது. அங்கே கையேட்டின் வரைபடம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

உண்மையிலேயே கெடுவது எப்படி

கெடாத பொருள் இல்லை, பிசிஎம்மும் கெடும். பெட்டிக்குள் தண்ணீர் போய் சர்க்யூட் போர்டை அரிப்பது ஒரு காரணம். ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கும்போது பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி மாட்டுவது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுப்பது, குலுக்கலிலும் வெப்பத்திலும் சால்டரிங் விரிசல் விடுவது, இவையும் உண்டு. பிக்அப்புக்கே உரியது வெல்டிங். சரக்குத் தொட்டியில் கம்பிச் சட்டம் பற்றவைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல், வெல்டிங் எர்த்தை எங்கோ தொலைவில் மாட்டினால், அந்தப் பெரிய மின்சாரம் மாட்யூல்களின் எர்த் வழியாகவும் ஓடப் பார்க்கும்.

பாசிட்டிவ், எர்த், கேன் மூன்றும் பெட்டியின் வாசல்வரை சரியாக வந்து சேர்கின்றன, கோரிக்கையும் உள்ளே போகிறது, ஆனாலும் வேலை வெளியே வரவில்லை என்று உறுதியானால்தான் பிசிஎம் மீது பழி சொல்லலாம்.

அப்போதும் ஏன் கெட்டது என்று தேடாமல் மாற்றக்கூடாது. ஷார்ட்டை எண்ணி வைக்கும் பிசிஎம்மைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? டிரெய்லர் வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகி, பின்விளக்கு வழியை அது மூடிவிட்டது என்று வையுங்கள். புதிய பிசிஎம் மாட்டியதும் பின்விளக்கு எரியும். உரசும் வயர் அப்படியே இருக்கிறதே, சில நாளில் இதுவும் மூடிவிடும்.

மாற்றுவது என்றால் மேஸ்திரிக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பது

இங்கேதான் 'பல்பு மாதிரி' என்ற பேச்சு உடைகிறது. புதிதாக வந்த மேஸ்திரிக்குத் தொழில் தெரியும். ஆனால் இந்தக் கட்டடம் எத்தனை மாடி, யார் யார் ஆட்கள், வாசலில் யாரை உள்ளே விடலாம் என்பது எதுவும் தெரியாது. புதிய பிசிஎம்மும் அப்படித்தான்.

முதலில் அதற்கு உரிய மென்பொருளை ஏற்ற வேண்டும். அடுத்து கான்ஃபிகரேஷன், அதாவது இந்த வண்டியில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். இரண்டு கதவா நான்கு கதவா, மூடுபனி விளக்கு உண்டா, டிரெய்லர் வசதி உண்டா, எந்த நாட்டு விளக்கு விதி என்று அது நீளும். ஒரே மாடலில் பல வகை விற்பதால் தொழிற்சாலை ஒரே பெட்டியைச் செய்துவிட்டு, இந்தப் பட்டியலால் அதை உங்கள் வண்டிக்கு உரியதாக்குகிறது. இதோடு வின் எண்ணையும் எழுதுவார்கள். வின் என்பது வண்டியின் 17 எழுத்து அடையாள எண். பட்டியல் தவறினால் மூடுபனி விளக்கு சுவிட்ச் செத்துக் கிடக்கும், இல்லாத உறுப்பைத் தேடி எச்சரிக்கை விளக்கு எரியும்.

மூன்றாவதுதான் பலரை நடுவழியில் நிறுத்துவது: இம்மொபிலைசர். சாவி அடையாளம் தெரியாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத பூட்டு அது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சின்ன சிப் இருக்கும். சாவி போடும் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் ரேடியோ அலையால் அதை எழுப்பும். அது தன் அடையாளத்தைச் சொல்லும். பல பிக்அப்களில் அந்த அடையாளத்தைச் சரிபார்ப்பது பிசிஎம்தான். சரி என்றால், எஞ்சினைக் கவனிக்கும் இசிஎம்முக்கு ரகசியச் செய்தி ஒன்றை அனுப்பும். புதிய பிசிஎம்முக்கு உங்கள் சாவியும் தெரியாது, அந்த ரகசியமும் தெரியாது. எனவே ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அல்லது பிடித்து இரண்டு நொடியில் அணைந்துவிடும். வண்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பூட்டு தன் வேலையைச் செய்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) சில பழைய பிக்அப்களில் இந்த அறிமுகத்தை ஸ்கேனரே இல்லாமல் செய்யலாம்: இக்னிஷனை ஆனில் வைத்து, பாதுகாப்பு விளக்கு அணையும்வரை சுமார் 10 நிமிடம் காத்திருந்து, ஆஃப் செய்து, இதையே மூன்று தடவை, மொத்தம் அரை மணி நேரம். புதிய வண்டிகளில் தயாரிப்பாளரின் மென்பொருள், இணையம் வழியே அனுமதி, கையிலிருக்கும் எல்லாச் சாவிகள் என்று எல்லாம் தேவைப்படலாம். சிலவற்றில் குறைந்தது இரண்டு சாவி இல்லாமல் வேலையே முடியாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியை வாங்காதீர்கள்.

ஆக, மென்பொருள், பட்டியல், பூட்டு. கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மாற்றுவது.

உடைத்த வண்டியின் பிசிஎம் ஆகுமா?

சில வண்டிகளில் ஆகும், பலவற்றில் ஆகாது. பழைய பெட்டி வேறொரு வண்டியின் வின் எண்ணோடும் சாவிகளோடும் கட்டுண்டு கிடக்கிறது. சில மாடல்களில் அதை அழித்துப் புதிதாக எழுத முடியும். சிலவற்றில் ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான். ஓடிய தூரக் கணக்கையும் பிசிஎம்மில் வைக்கும் வண்டிகள் உண்டு. அங்கே மீட்டர் தவறான தூரத்தைக் காட்டினால் வண்டியை விற்கும்போது சட்டச் சிக்கலே வரலாம்.

இன்னொரு வழி குளோனிங்: பழைய பெட்டியின் நினைவுச் சிப்பில் இருப்பதை அப்படியே மற்றதில் படியெடுப்பது. தெரிந்தவர் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். இரண்டு பெட்டியின் பார்ட் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பது எதற்கும் சாட்சி அல்ல.

மாட்டும் நாளில்

பழைய பிசிஎம் இன்னும் பேசுகிறது என்றால், கழற்றும் முன் ஸ்கேனரால் எல்லாக் கோடுகளையும் கான்ஃபிகரேஷனையும் படித்துச் சேமித்துவிடுங்கள். கழற்றிய பிறகு இவ்வளவு எளிதாகப் படிக்கும் வாய்ப்பு கிடைக்காது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக் பெட்டியில் சேமிப்பு மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதன் வயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளர்களை இழுக்க வேண்டாம். பிசிஎம்மைத் தொடும் முன் வண்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொட்டுவிடுங்கள், உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும். கப்ளர்களைப் பிடுங்காதீர்கள், பெரியவற்றில் ஒரு நெம்புகோல் இருக்கும், அதைச் சாய்த்தால் தானே வெளியே வரும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். வெளியே வந்ததும் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த பின்னோ களிம்போ இருந்தால், நீங்கள் தேடிய கோளாறே அதுவாக இருக்கலாம்.

புரோகிராம் ஏற்றும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கவே கூடாது. பாதியில் வோல்டேஜ் விழுந்தால் அரைகுறையாக எழுதிய பெட்டி மீண்டும் எழாமலே போகலாம். புதிய பேட்டரிதானே என்று நம்பி இறங்க வேண்டாம். இந்த வேலைக்கென்றே உள்ள, வோல்டேஜ் ஏற்ற இறக்கமில்லாமல் கொடுக்கும் சப்ளையை மாட்டியே செய்ய வேண்டும்.

அதன் பிறகு ரிமோட்டுகள், டயர் காற்றழுத்த சென்சார்கள், தானாக ஏறும் கண்ணாடிகள் ஆகியவற்றை மாடலுக்கு ஏற்ப மீண்டும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும். டிரெய்லர் இருந்தால் அதையும் மாட்டி ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

இதைப் பெரும்பாலும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். வண்டியைப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் மாட்யூல்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். தூங்கிய வண்டி பொதுவாக 0.05 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்க வேண்டும். கான்ஃபிகரேஷன் தவறினாலோ ஏதோ ஒரு கப்ளர் சரியாக உட்காராவிட்டாலோ பிசிஎம் தூங்காமல் விழித்தே இருக்கும், மற்றவற்றையும் எழுப்பி வைத்திருக்கும். அரை ஆம்பியர்தானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி இரண்டரை நாளில் காலி.

அதனால் எல்லாம் முடிந்த பிறகு பானட்டைத் திறந்து வைத்துக் கதவுகளைப் பூட்டுங்கள். சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைச் சுற்றி கிளாம்ப் மீட்டரைப் போட்டு அரை மணி, தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். சின்ன மின்சாரத்தைத் துல்லியமாகக் காட்டும் டிசி கிளாம்ப் மீட்டராக அது இருக்க வேண்டும். எண் படிப்படியாக இறங்கி அடிமட்டத்தில் நிற்கும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. அதற்குப் பிறகும் பழைய பிசிஎம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பார்ட் எண் தெரியும்படி உறையில் போட்டு எடுத்து வையுங்கள். சாவித் தகவலோ பட்டியலில் விட்டுப்போன ஒரு வரியோ வேண்டுமென்றால், அது இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.